எஃகு, படிகம், எஃகு: ஒரு சாண்ட்விச்சின் கதை

பி.காம். படிக்கிறவனுக்குப் படிகத்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தப் பதிவில் ஒரு காஸ்ட் கணக்கும் ஒளிந்திருக்கிறது :-)

1880-ல் பாரிஸில் ழாக், பியர் என்று இரண்டு சகோதரர்கள் குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். (ஆமாம், பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியர் கியூரிதான்.) மின்சாரம் கொடுத்தால் படிகம் அசைய வேண்டுமே என்று 1881-ல் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் சோதித்தார்கள், அசைந்தது. இதற்குப் பெயர் அழுத்தமின் விளைவு. ஆனால் அடுத்த முப்பது சொச்சம் வருடங்கள் அது ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

வெளியே இழுத்து வந்தது முதல் உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. தண்ணீருக்கடியில் இருக்கிற எதிரியைப் பார்க்க வழியில்லை. ஒலி அனுப்பி எதிரொலி கேட்கலாம் என்று 1915-ல் சிலோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர் யோசனை சொல்ல, பியரின் மாணவர் பால் லாஞ்செவின் அதைக் கையில் எடுத்தார். 1917-ல் குவார்ட்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

இங்கேதான் சிக்கல். ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே திசையில் போக வேண்டுமானால் அதிர்வு வேகமாக இருக்க வேண்டும். விநாடிக்குச் சுமார் 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரப் போகிறதே, அப்படிப் படிகம் தன் இயல்பில் பலமாக ஆட, அதன் தடிமன் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். குவார்ட்ஸில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,700 மீட்டர் ஓடுகிறது. வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 14 செ.மீ., பாதி 7 செ.மீ. அவ்வளவு தடிமனாக, அகலமாக, குறையில்லாத குவார்ட்ஸுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அதை அசைக்க மிக அதிக வோல்ட் வேண்டும்.

லாஞ்செவின் மெல்லிய குவார்ட்ஸ் துண்டுகளைத் தரையில் ஓடு பதிப்பது போலப் பக்கம் பக்கமாக ஒட்டி, மேலும் கீழும் கனமான எஃகுத் தகடு வைத்தார். எஃகிலும் ஒலி கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே நடுவில் படிகம் லேசாக நெளிந்தால் போதும், அலை எஃகுக்குள் புகுந்து, அடுக்கு முழுவதும் ஒரே தடிமனான படிகம் போல ஆடும். எஃகுத் தகடுகளே மின்வாயாகவும் வேலை செய்தன. விலை உயர்ந்த சரக்கு கொஞ்சம், மலிவான சரக்கு நிறைய, அதே பலன்! எங்கள் காஸ்டிங் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை. பெருமையெல்லாம் படிகத்துக்குப் போகிறது, என்னைக் கேட்டால் பாதியாவது இந்த அடுக்குக்குப் போக வேண்டும்.

1918-ல் தூலோன் துறைமுகத்தில் நீர்மூழ்கியின் எதிரொலி கேட்டது. நவம்பரில் போரே முடிந்துவிட்டது. அதற்குள் மூழ்கிய கப்பல்கள் ஆயிரக்கணக்கில்.

பிறகு அது கடலின் ஆழம் அளக்கப் போனது. குவார்ட்ஸின் இடத்தில் இப்போது பீங்கான் வகைப் பொருள், ஒட்டுவதற்குப் பதில் நடுவில் ஒரு போல்ட். பல் டாக்டர் காறை எடுக்கும்போது கீச்சென்று கத்துகிறதே, அந்தக் கருவியின் பீசோ வகைக்குள் இருப்பதும் இந்த அடுக்கேதான்.