மடக்குக் கத்தியும் பெரியப்பாவின் இடது கையும்



போன ஆடி மாசம் எங்க பெரியப்பாவோட வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு செத்துப்போச்சு. வேலியில கயிறு மாட்டி கழுத்தைச் சுத்திக்கிச்சு. பெரியப்பா பக்கத்துலதான் நின்னாரு. மடியில மடக்குக் கத்தியும் இருந்துச்சு. ஆனா அதைத் திறக்க முடியல.

இருபது வருஷத்துக்கு முன்னாடி வெல்ல ஆலையில கரும்பு கொடுக்கும்போது உருளையில மாட்டி, அவருக்கு வலது கையில நாலு விரல் போயிடுச்சு. அப்புறம் கத்தியை இடது கையில பிடிச்சு, பல்லால கடிச்சுத்தான் திறப்பாரு. இப்போ வயசு எழுபதுக்கு மேல. பல்லும் போச்சு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு கையால திறந்து மூடுற மாதிரி மடக்குக் கத்தி இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். அப்படித் தேடினதுல இந்தக் கத்தியோட வரலாறே கிடைச்சுது.

மடக்குக் கத்தி ரொம்பப் பழைய சாமான். ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட்ங்கிற ஊர்ல சுமார் 2,500 வருஷப் பழசு ஒண்ணு கிடைச்சிருக்கு. அந்தக் காலத்துக் கத்திக்கெல்லாம் ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆணியோட இறுக்கம்தான் அலகைப் பிடிச்சு வைக்கும். இது நமக்கும் புதுசு இல்ல. நம்ம ஊர்ல முடி திருத்துறவர் வச்சிருந்த பழைய சவரக் கத்தியை நினைச்சுப் பாருங்க. அதுவும் பூட்டு இல்லாத மடக்குக் கத்திதான். அலகுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற வாலை விரலால அழுத்திப் பிடிச்சுக்குவாரு. அந்த விரல்தான் பூட்டு.

17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தோட ஷெஃபீல்டு ஊர்க்காரங்க கைப்பிடியோட முதுகுல ஒரு ஸ்பிரிங் பட்டை வச்சாங்க. நம்ம திருவிழாக் கடையில விக்கிற பேனாக் கத்தி இந்த வம்சம்தான். நகத்தை ஒரு பள்ளத்துல மாட்டி இழுத்தா 'டக்'னு நிக்கும். ஆனா நிக்குதே தவிர பூட்டிக்கிறதில்ல. மூட்டையில குத்தி அழுத்தும்போது அலகோட முதுகுப் பக்கம் பாரம் விழுந்தா அப்படியே மடங்கி விரல் மேல உக்காந்துடும். என் ஆள்காட்டி விரல்ல இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். திறக்கவும் ரெண்டு கை வேணும்.

விரலைக் காப்பாத்தத்தான் பூட்டு வந்துச்சு. பிரான்சுல சவோய் மலைப்பகுதி விவசாயிங்களுக்காக 1890ல ஜோசப் ஒப்பினெல் ஒரு மரப்பிடிக் கத்தி செஞ்சாரு. 1955ல அதுல ஒரு வளையம் சேத்தாங்க. திறந்துட்டு வளையத்தைத் திருப்பினா அலகு மடங்காது. விரலுக்கு ஆபத்து இல்ல. ஆனா திருப்புறதுக்கு இன்னொரு கை வேணும். 1964ல அமெரிக்காவுல பக் கம்பெனி 110ங்கிற கத்தியைக் கொண்டு வந்துச்சு. அதுல பூட்டு முதுகுல இருக்கும். ஒரு கொக்கி அலகோட பள்ளத்துல விழுந்து பிடிச்சுக்கும். நல்ல உறுதி. ஆனா கனமான கத்தி, நகப் பள்ளம் வேற. திறக்க, மூட ரெண்டுக்கும் சாதாரணமா ரெண்டு கை போயிடும்.

கவனிச்சீங்களா? ஒவ்வொரு பூட்டும் விரலைக் காப்பாத்துச்சு, ஆனா இன்னொரு கையைக் கேட்டுச்சு.

1981ல சால் கிளெஸர்ங்கிறவர் தன்னோட ஸ்பைடர்கோ கம்பெனிக் கத்தியில அலகுலயே ஒரு வட்ட ஓட்டை போட்டாரு. கட்டைவிரலை அதுல வச்சுத் தள்ளினா கத்தி திறந்துக்கும். பாக்கெட்ல மாட்டிக்க ஒரு கிளிப்பும் வச்சாரு. திறக்கிற கஷ்டம் தீந்துச்சு. அதே சமயத்துல மைக்கேல் வாக்கர்ங்கிற கத்திக் கலைஞர், 1906லயே காப்புரிமை வாங்கின ஒரு பழைய யோசனையைச் சீர்ப்படுத்தினாரு. கைப்பிடிக்கு உள்ள இருக்கிற தகடே வளைஞ்சு வந்து அலகுக்குப் பின்னாடி முட்டுக் கொடுக்கும். கட்டைவிரலால அந்தத் தகட்டை ஒதுக்கினா ஒரே கையால மூடிடலாம். இதுக்குப் பேரு லைனர் லாக்.

நானும் சந்தோஷமா லைனர் லாக் கத்தி ஒண்ணு வரவழைச்சுப் பெரியப்பாகிட்ட கொடுத்தேன். திறந்துட்டாரு. மூடும்போதுதான் வம்பு. அந்தத் தகடு வலது கைக் கட்டைவிரலுக்கு ஏத்த மாதிரி இருக்கு. இவருக்கு இருக்கிறதோ இடது கை. தொடையில வச்சு அழுத்தி மூடப் பார்த்தாரு, கட்டைவிரல்ல வெட்டு. தகட்டை ஒதுக்குற விரல் அலகு வர்ற வழியிலேயே இருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. "ஏன்டா, மிச்சம் இருக்கிற கையையும் எடுத்துடுவ போல"ன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

மறுபடி தேடினேன். 1998ல பெஞ்ச்மேட் கம்பெனி கொண்டு வந்த ஆக்சிஸ் லாக் கண்ணுல பட்டுச்சு. கைப்பிடிக்குக் குறுக்கால ஒரு கம்பி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பின்னாடி இழுத்தா அலகு தளர்ந்து மடங்கும். எந்தக் கையாலயும் இழுக்கலாம், விரல் அலகோட வழியில வராது. காப்புரிமைக் காலம் முடிஞ்ச பிறகு மத்தவங்களும் இந்த மாதிரி செய்றதால விலை குறைஞ்சதும் கிடைக்குது.

சுலபமாத் திறக்கிற கத்தின்னா அரசாங்கங்களுக்குப் பயமும் உண்டு. 2008ல ஜெர்மனி, ஒரு கையால திறந்து பூட்டிக்கிற கத்தியைத் தகுந்த காரணம் இல்லாம வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து, அதே 2008 மாடலா தன் ராணுவ வீரர்களுக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு கையால திறந்து பூட்டிக்கிற கத்தி! நம்ம நாட்டுலயும் சினிமாவுல பேர் கெட்ட ராம்பூர் கத்திக்கு, 1990கள்ல உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேல கூடாதுன்னு தடை போட்டு, அந்தத் தொழிலே ஒடுங்கிடுச்சு.

அந்தப் பயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஊர்ல மடக்குக் கத்தி எடுக்கிறவனோட இன்னொரு கையில எப்பவும் ஏதாவது இருக்கும். மா ஒட்டுக்குச்சி, சொட்டுநீர்க் குழாய், ஆட்டுக் கயிறு. பெரியப்பா மாதிரி ஆளுக்கு இன்னொரு கையே கிடையாது.

ரெண்டாவது கத்தியை அவர்கிட்ட கொடுத்து மூணு மாசம் ஆச்சு. மொத நாள் திண்ணையில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் திறந்து மூடிக்கிட்டே இருந்தாரு. பெரியம்மா சத்தம் தாங்காம திட்டினாங்க. போன வாரம் ஒரு குட்டி மறுபடி அதே வேலியில மாட்டிக்கிச்சு. முழங்காலால அதை அமுக்கிப் பிடிச்சு, இடது கையால கத்தியைத் திறந்து கயிறை அறுத்து விட்டுட்டாரு. என்கிட்ட இதைச் சொல்லவே இல்ல. கயிறு எப்படி ரெண்டாச்சுன்னு நான் கேட்டப்பதான் சொன்னாரு.