ஒரு வளையமும் இரண்டு ஜெர்மனிகளும்

120 சுருளில் ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் தரும் மீடியம் ஃபார்மேட் காமிராக்களைத் தேடிப் பிடித்து வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். காமிரா கைக்கு வந்த சில மாதங்களில் இன்னொரு லென்ஸ் வேண்டும் என்ற ஆசை பிறக்கும். அந்த ரகக் காமிராக்கள் பலவற்றின் தயாரிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டதால், வாங்குவதெல்லாம் யாரோ ஒருவர் பயன்படுத்திய லென்ஸாகத்தான் இருக்கும். அப்போது பெரும்பாலோர் முன்வளையத்தில் பொறித்திருக்கும் பெயரைப் படித்து, அதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை மட்டும் நம்பலாகாது என்பதே என் கட்சி. கல்வெட்டு படிப்பவர் அரசன் பெயரோடு நிறுத்தாமல் எழுத்தமைதியையும் ஆட்சியாண்டையும் பார்ப்பதுபோல, இங்கும் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஸைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் லென்ஸ், 80 மி.மீ., அபெர்ச்சர் 2.8. இந்தப் பெயரும் இந்த அளவுகளும் கொண்ட இரண்டு லென்ஸ்கள் 1950களில் வெளிவந்தன. ஒன்று ஸ்வீடனின் ஹாசல்பிளாட் 1000எஃப் காமிராவுக்கானது. மற்றது கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிசிக்ஸ் காமிராவுக்கானது. ஒன்றை மற்றதன் உடலில் மாட்டவே முடியாது. போதாக்குறைக்கு, ஹாசல்பிளாட் என்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் 500 வரிசைக் காமிராவில் இவ்விரண்டுமே பொருந்தா.

பொருந்தாமைக்கு மவுண்டின் வடிவம் மட்டும் காரணமன்று. லென்ஸ் அமரும் முகத்திலிருந்து படச்சுருள் வரை ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. ஹாசல்பிளாட் 500 வரிசையில் அது 74.9 மி.மீ.; பிராக்டிசிக்ஸுக்கும் அதன் வழிவந்த பென்டகன் சிக்ஸுக்கும் 74.1, சோவியத் நாட்டின் கியேவ் 88க்கு 82.1, ஜப்பானின் மாமியா 645க்கு 63.3. நீண்ட தூரத்துக்காகச் செய்த லென்ஸைக் குறுகிய தூரமுள்ள உடலில் ஓர் இடைவளையம் போட்டு மாட்டிவிடலாம். எதிர்த்திசையில் அது நடக்காது. மாட்டினாலும் தொலைவில் உள்ள மலை ஒருபோதும் தெளிவாக விழாது. வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

இனி, ஒரே பெயர் இரண்டு லென்ஸ்களில் எப்படி வந்தது என்ற கதை. கார்ல் ஸைஸ் 1846இல் ஜெர்மனியின் யேனா நகரில் தம் பட்டறையைத் தொடங்கினார். எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளரும் ஓட்டோ ஷாட் என்ற கண்ணாடி வல்லுநரும் சேர்ந்தபின் அது உலகப் புகழ் பெற்றது. 1945 ஏப்ரலில் யேனாவைப் பிடித்தது அமெரிக்கப் படை. ஆனால் அந்தப் பகுதி சோவியத் வசம் போகவேண்டும் என்பது நேச நாடுகளின் உடன்பாடு. எனவே அமெரிக்கர்கள் வெளியேறும்போது நிறுவனத்தின் முக்கிய நிர்வாகிகளையும் விஞ்ஞானிகளையும் தம்முடன் மேற்கே அழைத்துச் சென்றனர். அவர்களைக் கொண்டு ஓபர்கோகன் என்ற சிற்றூரில் புதிய ஸைஸ் உருவானது. பின்னால் வந்த சோவியத் அதிகாரிகள் 1946 அக்டோபர் முதல் யேனா ஆலையின் பெரும்பகுதி இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். கூடவே வல்லுநர்களையும் குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். எஞ்சியவர்கள் எஞ்சியதைக் கொண்டு மீண்டும் தொடங்கினர். 1948இல் அந்த ஆலை அரசுடைமையானது.

ஓபர்கோகன் ஸைஸுக்கு வாய்த்த துணை ஸ்வீடன். விக்டர் ஹாசல்பிளாட் தம் 1600எஃப் காமிராவை 1948இல் நியூயார்க்கில் அறிமுகம் செய்தபோது அதில் இருந்தது கோடாக் லென்ஸ். அடுத்து வந்த 1000எஃபில் ஓபர்கோகன் லென்ஸ்கள் ஏறின. அவ்விரு காமிராக்களிலும் ஷட்டர் உடலுக்குள் இருந்தது. நுட்பமானது, அடிக்கடி பழுதானது. 1957இல் வந்த 500சி அந்தத் தலைவலியைத் தீர்க்க ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே கொண்டு போனது. பழைய லென்ஸ்கள் அன்றோடு அனாதைகள் ஆயின. 1977இல் வந்த 2000எஃப்சி மறுபடியும் உடலுக்குள் ஷட்டரை வைத்தது; அதற்கென்றே ஷட்டரில்லாத எஃப் வகை லென்ஸ்கள் செய்யப்பட்டன. இவை 500 வரிசை உடலில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஒளியை அளந்து விட ஷட்டர் இராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப் லென்ஸை வாங்கி விழிப்பவர்கள் இன்றும் உண்டு.

யேனாவின் லென்ஸ்கள் சென்று சேர்ந்த இடம் டிரெஸ்டன். அங்கு 1956இல் பிராக்டிசிக்ஸ் அறிமுகமானது. 1966இல் அதுவே பென்டகன் சிக்ஸ் ஆயிற்று. உடலில் ஒரு வளையம். லென்ஸைத் திருகாமல் நேராக வைத்து வளையத்தைச் சுழற்றி இறுக்க வேண்டும். எளிமையான, உறுதியான ஏற்பாடு. காமிரா அப்படி உறுதியானதன்று. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் அதன் நோய் பிரசித்தம். லென்ஸ்களின் கதை வேறு. அகலக் காட்சிக்கு 50 மி.மீ. ஃப்ளெக்டகன், இயல்பான பார்வைக்கு 80 மி.மீ. பயோமெட்டார், முகங்களுக்கு 120 மி.மீ. பயோமெட்டார், எல்லாவற்றுக்கும் மேலாக 180 மி.மீ. ஸொன்னார். கடைசியாகச் சொன்னதன் மூதாதை 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்காக லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த லென்ஸ். இன்றும் அதை ஒலிம்பியா ஸொன்னார் என்றே சொல்கிறார்கள். கனமான பொருள்தான், கழுத்து வலிக்கும். ஆனால் அது தரும் படத்தின் பின்புலம் கரைந்துபோகும் விதத்துக்காக அந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இரண்டு ஸைஸ்களும் பெயருக்காக வழக்காடின. பிரிட்டனில் பிரபுக்கள் சபை வரை சென்ற அந்தச் சண்டை 1971இல் லண்டனில் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அடங்கியது. எந்தச் சந்தையில் எவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்று பங்கு பிரித்தார்கள். யேனாவின் பெயருரிமை செல்லாத நாடுகளுக்குப் போன லென்ஸ்களில் ‘யேனாவிலிருந்து’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்கள் மட்டும் இருக்கும். ஸொன்னார் என்ற பெயர் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். கண்ணாடி அதே கண்ணாடி, செய்த கைகள் அதே கைகள். முப்பாட்டன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் விதித்த குடும்பம் ஒன்றின் அடையாளம் அந்த ஒற்றை எழுத்து. விவரம் அறிந்து வாங்குபவர் முழுப்பெயர் இல்லையே என்று அதை ஒதுக்கமாட்டார்.

மூன்றாவது கிளை கியேவில். 1764இல் தொடங்கிய ஆயுத ஆலையான அர்செனல், போருக்குப்பின் ஸைஸின் கான்டாக்ஸ் காமிராவை ‘கியேவ்’ என்ற பெயரில் செய்தது. 1957 முதல் அங்கு வந்த சல்யூத் காமிராவைப் பார்த்தவுடனேயே ஹாசல்பிளாட் 1600எஃபின் சாயல் தெரியும். அதன் வழிவந்ததே திருகு மவுண்ட் கொண்ட கியேவ் 88. அதே ஆலை கியேவ் 6எஸ், கியேவ் 60 ஆகியவற்றை டிரெஸ்டன் வளையத்தோடு செய்தது. ஆக ஒரே லென்ஸ் இரண்டு மவுண்டுகளில் வந்தது: வேகா, மிர், வோல்னா என்ற பெயர்களின் ஈற்றில் ரஷ்ய நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தான ‘பெ’ இருந்தால் டிரெஸ்டன் வளையம், மூன்றாம் எழுத்தான ‘வெ’ இருந்தால் கியேவ் 88இன் திருகு. இதில் ஒரு பொறி. ரஷ்ய ‘வெ’ பார்ப்பதற்கு ஆங்கிலத்தின் ‘பி’ போலவே இருக்கும். விற்பவர் இரண்டையும் ‘பி’ என்றே எழுதிவிடுவார். எனவே லென்ஸின் பின்புறப் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. ‘வெ’ லென்ஸை 8 மி.மீ. இடைவளையத்தோடு பென்டகனில் மாட்டலாம். ‘பெ’ லென்ஸை கியேவ் 88இல் மாட்டி மலையைப் படமெடுக்க முடியாது.

யேனா லென்ஸ்களில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். பின்னால் துருத்தும் சிறு ஊசியை அழுத்திவிட்டால் அபெர்ச்சர் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் பழைய கிரீஸ் இதழ்களில் இறங்கியிருக்கிறது. பிரித்துத் துடைக்கும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மாமியா 645இல் அடாப்டர் மூலம் மாட்டுவோருக்கு அந்த ஊசியை அழுத்த ஆளில்லை. லென்ஸின் பக்கவாட்டுச் சாவியைத் திருப்பி இதழ்களைக் கையாலேயே மூடவேண்டும்.

டிரெஸ்டனின் அந்த வளையம் பெர்லின் சுவர் விழுமுன்னரே சுவரைத் தாண்டியது. 1984இல் மேற்கு ஜெர்மனியில் அறிமுகமான எக்ஸாக்டா 66, பென்டகன் சிக்ஸின் கட்டமைப்பையும் அதே மவுண்டையும் எடுத்துக்கொண்டு ஷ்னைடர் லென்ஸ்களை அணிந்துவந்தது. அதன் 80 மி.மீ. ஸெனோட்டார் டிரெஸ்டன் உடலில் அமர்ந்தது. யேனாவின் பயோமெட்டார் மேற்கத்திய உடலில் அமர்ந்தது. இரண்டு ஸைஸ்களும் ஒன்றுசேர 1991 ஆயிற்று. பென்டகன் சிக்ஸின் உற்பத்தி அதற்குள் நின்றுவிட்டது. 1990களின் இறுதியில், கிழக்கு ஜெர்மனியும் சோவியத் நாடும் இல்லாமற்போன பிறகு, கியேவ் ஆலையின் 88 வரிசையும் தன் திருகைக் கைவிட்டு அந்த டிரெஸ்டன் வளையத்துக்கே மாறியது.