டி.என்.ஏ. மீச்சுருள்: வடிவமும் காரணமும் விளங்கிய வரலாறு (1953–1987)

வாட்சனும் கிரிக்கும் 1953இல் முன்வைத்த ஈரிழைச் சுருள் மாதிரி ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. இரு இழைகளும் பிரிந்தால்தான் டி.என்.ஏ. இரட்டிப்படைய முடியும். சுமார் 10.5 கார இணைகளுக்கு ஒரு சுற்று என்று கொண்டால், 46 இலட்சம் இணைகள் கொண்ட ஈ. கோலை குரோமோசோமில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் அவிழ வேண்டும். 1954இல் இதை எழுப்பிய மாக்ஸ் டெல்புரூக், இழைகள் இடையிடையே அறுந்து மீண்டும் ஒட்டலாம் என்று கருதினார். அதைச் செய்யும் நொதி எதுவும் அன்று அறியப்படவில்லை. டி.என்.ஏ. தன்மேல் தானே சுருளும் மீச்சுருளின் வடிவம் 1965இலேயே தெரிந்துவிட்டாலும், இத்தகைய நொதிகள் கிடைத்த பிறகே அதன் காரணம் துலங்கியது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

வளையத்தில் வெளிப்பட்ட முறுக்கு

பாலியோமா வைரஸின் டி.என்.ஏ. வளையமானது என்று 1963இல் தெரியவந்தது. அதிவேக மையவிலக்குக் கருவியில் அது 20எஸ், 16எஸ் என இரு வேகங்களில் படிந்தது. இரண்டும் வளையங்களே, நீளமும் ஒன்றே. ஓர் இழையில் ஒரே ஒரு வெட்டு விழுந்தாலும் 20எஸ் வடிவம் 16எஸ் ஆகிவிட்டது. கால்டெக்கில் ஜெரோம் வினோகிராட் குழுவினர் 1965இல் இதற்கு விளக்கம் தந்தனர்: இரு இழைகளும் மூடியிருக்கும் வளையம், மிகையாகத் திரித்த கயிறுபோல் தன்மேல் தானே சுருண்டு அடர்கிறது, அதனால் விரைந்து படிகிறது. வெட்டு விழுந்ததும் இழை சுழன்று இறுக்கம் தளர்கிறது.

இதற்கான கணித அடிப்படையை ஜேம்ஸ் ஒயிட் (1969), புரோக் ஃபுல்லர் (1971) ஆகியோரின் ஆய்வுகள் அளித்தன. ஓர் இழை மற்றொன்றைச் சுற்றும் தடவைகளின் எண்ணிக்கையான இணைப்பு எண், சுருளின் முறுக்கு, அச்சின் நெளிவு இரண்டின் கூட்டுத்தொகை. இழையை அறுக்காமல் இணைப்பு எண்ணை மாற்ற இயலாது. அது இயல்பைவிடக் குறைந்திருந்தால், சுருள் சற்றே அவிழ வேண்டும் அல்லது அச்சு நெளிய வேண்டும். இந்நிலையே எதிர் மீச்சுருள்.

தளர்த்தும் நொதி, முறுக்கும் நொதி

ஜேம்ஸ் வாங் 1971இல் ஈ. கோலையிலிருந்து பிரித்தெடுத்த ஒமேகா புரதம் எதிர் மீச்சுருளைத் தளர்த்தியது. அறுத்து ஒட்டும் செயல் உண்மையிலேயே நிகழ்கிறது என்பது இதனால் உறுதியானது. ஆனால் முறுக்கை உண்டாக்குவது எது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

அவ்விடை 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினருக்கு வேறொரு ஆய்வின் வழியே கிடைத்தது. லாம்டா பாக்டீரியாபேஜின் டி.என்.ஏ. ஒருங்கிணைவைச் சோதனைக்குழாயில் நிகழ்த்த மீச்சுருண்ட டி.என்.ஏ. தேவைப்பட்டது. தளர்ந்த வளையத்தை அந்நிலைக்கு மாற்றும் பொருள் ஈ. கோலைச் சாற்றில் இருந்தது. ஏ.டி.பி.யின் ஆற்றலைக் கொண்டு எதிர் மீச்சுருளை உண்டாக்கும் அந்த நொதியே டி.என்.ஏ. கைரேஸ். அது இரு இழைகளையும் அறுத்து, இடைவெளியில் மற்றொரு துண்டைக் கடத்திவிட்டு மீண்டும் ஒட்டுகிறது; ஒவ்வொரு முறையும் இணைப்பு எண் இரண்டு குறைகிறது. நோவோபயோசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் தாக்குவது இந்நொதியைத்தான்.

உட்கரு கொண்ட உயிரிகளில் காரணம் வேறு. அங்கே டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கிறது. இவ்வாறு சுற்றிய அலகான நியூக்ளியோசோம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஓர் எதிர் மீச்சுருள் என்பதை எஸ்.வி.40 வைரஸ் டி.என்.ஏ.வில் 1975இல் நடந்த ஆய்வு காட்டியது.

பயன்பாடும் விளைவும்

எதிர் மீச்சுருளில் தேங்கும் ஆற்றல் இழைகள் பிரிவதை எளிதாக்குகிறது. இரட்டிப்பும் படியெடுத்தலும் தொடங்க இது துணைநிற்கிறது. 1987இல் லெராய் லியூவும் வாங்கும் இதன் மறுபக்கத்தை முன்வைத்தனர். படியெடுக்கும் நொதி சுருளைச் சுற்றிச் சுழல இயலாதபோது, அதன் முன்னே நேர் மீச்சுருளும் பின்னே எதிர் மீச்சுருளும் உருவாகின்றன. எனவே மீச்சுருள் படியெடுத்தலுக்குத் துணை மட்டுமன்று, அதன் விளைவும் ஆகும். நொதிகள் அதை இடையறாது சரிசெய்கின்றன.

மீச்சுருளை முதலில் காட்டியது வைரஸின் மூடிய வளையம் என்பதால், வளைய வடிவமே அதன் காரணம் என்று கொள்ளலாகாது. இழை தடையின்றிச் சுழல முடியாமையே அடிப்படை. மனிதனின் நீள்குரோமோசோம்களும் புரதங்களால் ஆங்காங்கே பிணைக்கப்பட்டிருப்பதால் அதே கட்டுப்பாட்டுக்கு உட்படுகின்றன. டெல்புரூக் கண்ட தடையை உயிர்ச்செல்கள் நொதிகளால் கடந்தன. அதே முறுக்கைத் தம் தேவைக்குப் பயன்படுத்தியும் கொண்டன.