கர்ப்ப கால மதுப்பழக்கமும் கருவிலுள்ள குழந்தையின் எலும்பு வளர்ச்சியும்

தாய் அருந்தும் மது, அவரது இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகிறது. குழந்தையின் கல்லீரல் முதிர்ச்சி அடையாததால், மதுவை விரைவாகச் சிதைத்து வெளியேற்ற அதனால் இயலாது. பீர், ஒயின், பிராந்தி, கள் ஆகிய அனைத்திலும் இருப்பது ஒரே வகை ஆல்கஹால்தான். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை.

எலும்புகள் உருவாகும் விதம்

முக எலும்புகளை உருவாக்கும் உயிரணுக்கள், பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே தம் பணியைத் தொடங்கிவிடுகின்றன. கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றி, இரண்டாம் மாத இறுதியையொட்டி எலும்பாக மாறத் தொடங்குகின்றன. எலும்புக்கு உறுதி தரும் கால்சியத்தின் பெரும்பகுதி, கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்கிறது.

மதுவினால் ஏற்படும் பாதிப்புகள்

முக எலும்புகளை உருவாக்கும் உயிரணுக்களை மது அழிக்கக்கூடும். குருத்தெலும்பு எலும்பாக மாறுவதை அது தாமதப்படுத்துவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் பின்வருவன காணப்படலாம்:

• உயரக் குறைவு, சிறிய தலை
• மெல்லிய மேலுதடு, மூக்கின்கீழ் பள்ளமின்றித் தட்டையாக இருத்தல்
• வளைந்த சுண்டுவிரல், மூட்டுகளின் அசைவு குறைதல்
• சிலரிடம், முன்கை எலும்புகள் அல்லது கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருத்தல்

இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவரே உறுதி செய்ய இயலும். மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், குழந்தையின் கற்றலையும் நடத்தையையும் கவனித்து வருவது அவசியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மதுவைத் தவிர்த்துவிடுங்கள்.
• கர்ப்பம் தெரியும் முன் அருந்தியிருந்தால், அஞ்சி மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அது குழந்தைக்கு நன்மையே.
• கால்சியம் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள். ஆனால், அவை மதுவின் தீங்கை ஈடுசெய்யா.
• தினமும் மிகுதியாக அருந்துபவர் தாமாகத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். எனவே மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே நிறுத்த வேண்டும். தாமதிக்காமல் அரசு மருத்துவமனையை அணுகுங்கள், அல்லது 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் ஆலோசனை பெறுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

கர்ப்பிணியைப் பழித்துப் பேசுவதால் அவர் பழக்கத்தை மறைப்பாரே தவிர, விடமாட்டார். வீட்டில் மது வைக்காதீர்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். மதுவினால் ஏற்படும் இப்பாதிப்புகளை முற்றிலும் தடுக்க இயலும். ஏற்பட்டபின் முழுமையாகக் குணப்படுத்த இயலாது.