ஓரையாடலும் ஆக்கமும்

உவகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டும் ஒன்றெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்தார். சங்கச் சான்றோர் அதன்கண் உவகைக்கு மேலும் ஒரு பயன் கண்டனர் என்பதற்கு நற்றிணை 68ஆம் பாடல் சான்றாகும்.

ஓரை என்பது இளமகளிர் கூடியாடும் ஆடல். அச்சொல் கிரேக்கமோ தமிழோ என நெடிது வழக்காடிய ஆராய்ச்சியாளர், ஆடிய மகளிரை அத்துணை நோக்கினரல்லர். இளையோர் ஆயத்தோடு ஓரையாடாது இல்லில் அடைபட்டிருத்தல் அறமும் அன்று, அதனால் ஆக்கமும் தேயும் என்கின்றாள் அப்பாடலில் வரும் தோழி. இதனை அன்னைக்கு எடுத்துரைப்பார் உளராயின், புதுப்புனலாட அவள் நம்மை விடுப்பாளோ என்றும் ஏங்குகின்றாள்.

ஆக்கம் என்பதற்கு ஈண்டுச் செல்வம் எனப் பொருள் கொள்ளுதலே வழக்கு. வளரும் பருவத்தாரைப் பற்றிய பேச்சாதலின், உடல் வளர்ச்சியும் அதனுள் அடங்கும் என்பது எம் கருத்து. தலைவனுக்கு இற்செறிப்பை உணர்த்தும் உத்தியன்றோ இக்கூற்று எனின், அன்று எனல் ஆகாது. ஆயினும், தாயர் மறுக்கவொண்ணாத பொதுக்கருத்தாக இருந்தாலன்றி இவ்வுத்தி பயன்படாது என்க.

ஆண்மக்களுக்கு இத்தடை இருந்ததாகத் தெரியவில்லை. மருதமரக் கிளையேறி, ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையைத் தொடித்தலை விழுத்தண்டினார் புறநானூறு 243ஆம் பாட்டில் நினைந்து இரங்குகின்றார். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதுமையில் அவர் இழந்ததனை, மகளிர் இளமையிலேயே இழந்தனர். அவர் கூறும் குளிர்ந்த கயத்திலோ, கைகோத்து உடனாடிய மகளிரும் காணப்படுகின்றனர்.