சிறுநீரக மருத்துவமும் டாக்டர் எம்.கே. மணியும்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று வாழவந்தி நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்நாட்டில் வாழும் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று கொள்வோம். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், அவருடைய குருதியை எந்திரத்தில் செலுத்திச் சுத்திகரித்தாக வேண்டும். அதற்காக அவர் நாமக்கல் போன்றதொரு சமவெளி நகருக்கு வந்து திரும்புவாராயின், வாரந்தோறும் 420 வளைவுகளைக் கடந்தாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படாவிடில் ஆயுள் உள்ளளவும் இதுவே அவர் வாழ்க்கை. கூலி வேலை செய்பவராயின், வாரத்தில் பாதி நாள் வருவாயும் இல்லை. துணைக்கு வருபவருக்கும் இல்லை.

இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, இச்சிகிச்சை தோன்றிய வரலாற்றையும், அதில் தலைசிறந்து விளங்கிய சென்னை மருத்துவர் ஒருவரின் பணியையும் ஈண்டு நோக்குவோம்.

இரத்தச் சுத்திகரிப்பு என்று நாம் கூறுவதை அரபியர் 'கஸீலுல் குலா', அதாவது சிறுநீரகக் கழுவல், என்பர். சிறுநீரகத்திலும் மூத்திரப்பையிலும் உண்டாகும் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் மருத்துவ மேதை அர்ராஸீ. ஆயினும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால் அதன் வேலையைச் செய்து தர இருபதாம் நூற்றாண்டு வரை எந்த மருத்துவராலும் இயலவில்லை.

அந்த வழியைத் திறந்தவர் வில்லெம் கோல்ஃப் என்னும் டச்சு மருத்துவர். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து துன்புற்றிருந்த 1943-ஆம் ஆண்டில், காம்பன் என்னும் சிற்றூரில், மர உருளை ஒன்றைச் சுற்றி செலோஃபேன் குழாயைப் படரவிட்டு அவர் தம் எந்திரத்தை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் பலர் மாண்டனர். 1945-இல் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கும் குழாயைக் கண்டறிந்தபின்தான், இச்சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர முடிந்தது.

வழி பிறந்ததும் வேறொரு சிக்கலும் பிறந்தது. எந்திரங்கள் சில; நோயாளிகள் பலர். யாருக்குச் சிகிச்சை அளிப்பது, யாரைக் கைவிடுவது என்று தீர்மானிக்கச் சியாட்டிலில் ஊரார் சிலரைக் கொண்ட குழுவொன்றை நியமித்தனர். நம் நாட்டில் அத்தகைய குழு தேவைப்படவில்லை. நோயாளியின் வறுமையே அந்தத் தீர்ப்பை வழங்கிவிட்டது!

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்ட நிறுவனங்களுள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதன்மையானது. இந்தியாவில் வெற்றிகரமாக அமைந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் அங்கேதான் நடைபெற்றது.

அத்தலைமுறை மருத்துவர்களுள் ஒருவர் டாக்டர் எம்.கே. மணி. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் அவர் பணியாற்றிய நாளில், நாடறிந்த நோயாளி ஒருவர் அங்குக் கொண்டுவரப்பட்டார். அவரே ஜெயப்பிரகாஷ் நாராயணர். நெருக்கடிநிலைக் காலச் சிறைவாசத்தில் சிறுநீரகங்கள் பழுதுற்ற அவர், 1975 நவம்பரில் விடுவிக்கப்பட்டு, 1979 அக்டோபரில் மறையும் வரை எந்திரத்தின் துணையாலேயே வாழ்ந்தார். எந்திரம் வாங்கப் பிரதமர் தம் நிவாரண நிதியிலிருந்து அளித்த தொகையை ஏற்க மறுத்து, பொதுமக்களின் நன்கொடையையே அவர் ஏற்றார். 'டயாலிசிஸ்' என்னும் சொல்லை நம் நாட்டுப் பாமரரும் அறிந்தது அவராலேயே எனலாம். ஜே.பி.க்கு நாடே நன்கொடை திரட்டியது. பெயரறியா ஏழைக்கு யார் திரட்டுவர்?

இக்கேள்வி மணியின் பிற்கால வாழ்வு முழுவதையும் தொடர்ந்தது எனலாம். 1983-இல் தொடங்கப்பெற்ற சென்னை அப்போலோ மருத்துவமனையில் சிறுநீரகத் துறைக்குத் தலைமை தாங்கினார். இளம் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். மருத்துவ இதழ்களில் இடைவிடாது எழுதினார். 1991-இல் பத்மபூஷண் விருது பெற்றார். தம் தன்வரலாற்று நூலுக்கு 'யமராஜனின் சகோதரன்' என்று அவர் பெயர் சூட்டினார். மருத்துவரை எமனின் உடன்பிறந்தார் என்று எள்ளும் பழைய வடமொழி வழக்கைத் தமக்கே சூட்டிக்கொண்ட துணிவு அது.

ஏழையின் சிறுநீரகத்தைச் செல்வர் விலைக்கு வாங்கும் வாணிபத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்வாணிபத்தைத் தடைசெய்தது. ஆயினும் 2025-ஆம் ஆண்டில், கொல்லிமலை அமைந்துள்ள அதே நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம் பகுதியில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. சட்டம் இருந்தும் வறுமை விலை பேசுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எந்திரத்தின் ஆற்றலை நன்கறிந்த மணி, அதன் எல்லையையும் அறிந்திருந்தார். இந்நாட்டில் சிறுநீரகம் செயலிழக்கும் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் இச்சிகிச்சை அளிக்கச் செல்வம் போதாது. வருமுன் காப்பதே வழி என்று அவர் வாதிட்டார். வாதிட்டதோடு நில்லாமல், 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை வாயிலாக, 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அப்பாலுள்ள கிராமங்களில், சுமார் 25,000 மக்களிடையே, அதைச் செய்தும் காட்டினார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் அளந்தனர். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உண்டா என்று எளிய முறையில் சோதித்தனர். நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த பழைய மருந்துகளே தரப்பட்டன. தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவோ அரை டாலரையும் எட்டவில்லை!

இதன் அருமை, நோயின் இயல்பை அறிந்தோர்க்கே விளங்கும். பாதிக்குமேல் பழுதுபடும் வரையிலும் சிறுநீரகம் பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ காட்டுவதில்லை. அதைப் பழுதாக்கும் காரணங்களுள் முதன்மையானவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். அவ்விரண்டையும் முன்னரே கண்டறிந்து அடக்கினால் பெரும்பாலோர் எந்திரத்தை நாட வேண்டியதே இல்லை.

2016-இல் நடுவணரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. எந்திரமின்றி, வயிற்றறையில் நீர்மத்தைச் செலுத்தி வீட்டிலேயே குருதியைத் தூய்மை செய்யும் முறைக்கான பைகளும் அதில் அடங்கும். வாழவந்தி நாடு போன்ற மலைநாடுகளுக்கு இம்முறை எத்துணை ஆறுதல் என்பதை அந்த 420 வளைவுகளே சொல்லும்.

மலையிறங்கி வரும் நோயாளிக்கு எந்திரமும் படுக்கையும் அளிப்பது சமுதாயத்தின் கடன். அவர் நோயாளியாகாமல் காப்பது அதனினும் முந்திய கடன். அக்கடன் அரசுக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவுடைய பெரியவர் இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. ஆண்டுக்கொரு முறையேனும் அவர்தம் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதித்தறிவதும், இரத்த அழுத்தத்தை அளந்து வைப்பதும், மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரைகளை நாளும் விழுங்காமல் தடுப்பதும் குடும்பத்தாரின் கையில் உள்ளன. எந்திரத்தை நன்கறிந்த ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் அனுபவத்தில் கண்ட முடிவு இது. நம் இல்லங்களில் இதனை நடைமுறைப்படுத்துவோமாக!