திருவிதாங்கூர் – திருநெல்வேலி எல்லையில் பணமும் வாழ்க்கைச் செலவும்

முன்னுரை

அண்டை நாடுகள் இரண்டின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவோர் முதலில் நாடுவது நாணய மாற்று விகிதத்தையே ஆகும். ஆனால் ஒரு நாணயம் எத்தனை அயல் நாணயத்துக்கு ஈடாகிறது என்பதும், அது எவ்வளவு பொருளை வாங்குகிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் களம் தமிழரின் வரலாற்றிலேயே உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானமும், 1801 முதல் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டிருந்த திருநெல்வேலிச் சீமையும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதிகள்; ஆயினும் நாணயம், அளவை, வரி ஆகிய மூன்றிலும் வேறுபட்டவை. இம்மூன்றும் எளிய மக்களின் வாங்கும் ஆற்றலைப் பாதித்த வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாணயம்

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் ஈடாகக் கணக்கிடப்பட்டன. எனவே 100 பிரிட்டிஷ் ரூபாய், 101 சர்க்கார் ரூபாய் 22 சக்கரத்துக்குச் சமமாகும். பெருந்தொகையை மாற்றும் வணிகருக்கு இவ்வேறுபாடு முழுமையாகக் கிட்டும்.

சிறு தொகையில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ரூபாய் 456 காசு. அதன் பதினாறில் ஒரு பங்கான அணா 28½ காசு. அரைக்காசை விட்டுவிட்டு அணாவை 28 காசாகவே கொண்டால், 16 அணாவுக்குக் கிடைப்பது 448 காசு மட்டுமே. அஃது ஒரு சர்க்கார் ரூபாயின் மதிப்பாகும். இரு ரூபாய்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் இவ்வாறு மறைந்துவிடுகிறது. அணாவணாவாகச் செலவிடும் கூலியாளுக்கு, ஏட்டில் உள்ள மாற்று விகிதம் கைக்கு எட்டாமற்போக இடமிருந்தது என்பது இக்கணக்கால் பெறப்படும்.

அளவை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி நாழி, இடங்கழி, பறை ஆகியவற்றால் அளக்கப்பட்டது. 4 நாழி ஓர் இடங்கழி. 10 இடங்கழி ஒரு பறை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே படி, மரக்கால், கோட்டை ஆகியவை வழங்கின. தமிழ் பேசும் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியமையால், இருவகை அளவைகளையும் அறிந்த இடைநிலமாக அது திகழ்ந்தது. பெயர் ஒன்றாயினும் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறக்கூடும். ஆகவே ஓலைகளிலும் பதிவேடுகளிலும் காணும் நெல்விலைகளை, அவ்வூர் அளவையை வரையறுக்காமல் ஒப்பிடுதல் பிழைபட்ட முடிவுக்கே இட்டுச்செல்லும்.

வரி

திருவிதாங்கூர் அரசு புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகிய இடங்களிலிருந்து வந்த சரக்கு அரசின் விலைக்கே விற்கப்பட்டமையால், எல்லை கடந்த கள்ளக் கடத்தலுக்கு அது வழிவகுத்தது. திவான் டி. மாதவராவ் காலத்தில், 1863இல், இத்தனியுரிமை நீக்கப்பட்டு இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் ஆகியவற்றிடையே ஏற்பட்ட வணிக உடன்பாடு எல்லைச் சுங்கங்களைப் பெரும்பாலும் அகற்றியது. அதே உடன்பாட்டின் வழி, உப்பைப் பிரிட்டிஷ் இந்திய விலைக்கே விற்கத் திருவிதாங்கூர் இசைந்தது. இங்ஙனம் உப்பின் விலை ஒன்றாக்கப்பட்டது. கூலியை ஒன்றாக்க எவ்வேற்பாடும் இல்லை. ஒரே விலை ஒரே சுமையாவதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

உணவுப் பழக்கம்

விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். நாளடைவில் அரிசிக்கு மாற்றாக அக்கிழங்கு ஏழை எளியோரின் உணவாயிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, அதன் இன்றியமையாமை மேலும் புலப்பட்டது. அரிசி விலையை மட்டும் கொண்டு இரு பகுதிகளை ஒப்பிடுவோர், மக்கள் உண்மையில் உண்டது எது என்பதைக் காணத் தவறுவர். மலிவான கிழங்கால் பசி தணிந்ததை வாழ்க்கைத்தர உயர்வு எனக் கொள்வதும் பொருந்தாது.

முடிவுரை

1918இல் குஸ்டாவ் காசல் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், வாங்கும் ஆற்றல் சமநிலை என்னும் கருத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். நாணயத்தின் மதிப்பை அது வாங்கும் பொருளைக் கொண்டு அறிய வேண்டும் என்னும் அவ்வுண்மையை, எல்லையோரத் தமிழர் அதற்கு முன்பே நாள்தோறும் கடைத்தெருவில் எதிர்கொண்டிருந்தனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. எல்லை இடம் மாறியபின், சக்கரமும் பணமும் பழைய ஓலைகளில் எஞ்சிய சொற்களாயின. அச்சொற்களுக்கு இன்றைய ரூபாயில் மதிப்பிட்டு உரை வகுப்பதைவிட, அவை அன்று எத்தனை நாழி அரிசியையும் எவ்வளவு உப்பையும் வாங்கின என்று வினவுவதே, அவ்வோலைகளில் பெயரின்றி மறைந்த கூலியாளின் வாழ்வை அறியத் துணைசெய்யும் நெறியாகும்.